வான்கூவர்-பாயின்ட் கிரே பட்டியலில் ஒரே ஆண்டுக்கு மூன்று எம்.எல்.ஏ.க்கள் எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள வான்கூவர்-பாயின்ட் கிரே தொகுதியின் பழைய உறுப்பினர் பட்டியலில் 1941க்கு மூன்று பெயர்கள், 1972க்கு இரண்டு, 1996க்கு ஒன்று என்று இருக்கிறதே, தொகுத்தவர் தவறு செய்துவிட்டாரா என்பது முதலாவது. அங்கே ஜெயிப்பவர்கள் எல்லாம் முதல்வர் ஆகிறார்களே, அது என்ன ராசி என்பது இரண்டாவது. அங்கே படிக்கும் உங்கள் மகள் ஓட்டுப் போட முடியுமா என்பது மூன்றாவது. பட்டியலில் தவறு இல்லை. 1933 முதல் பெயர் மட்டும் மாறவில்லை. அந்தப் பெயருக்குள் முதலில் மூவரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி இருந்தது, பிறகு இருவரை, 1991 முதல் ஒருவரை. இது தெரியாமல் பட்டியலைப் படித்தால் யார் யாரைத் தோற்கடித்தார் என்பதே தலைகீழாகிவிடும்.

பாயின்ட் கிரே முதலில் வான்கூவரின் பகுதியே அல்ல. 1908இல் தென் வான்கூவரிலிருந்து பிரிந்து தனி நகராட்சியானது. 1929 ஜனவரி 1 அன்று இரண்டும் வான்கூவர் மாநகரோடு இணைந்தன. மாகாணத் தேர்தலில் அப்போது வான்கூவர் மாநகரம் முழுவதும் ஒரே தொகுதி, அதற்கு ஆறு உறுப்பினர்கள். 1933 தேர்தலுக்கு முன் அதை உடைத்து பர்ரார்ட், சென்டர், ஈஸ்ட், பாயின்ட் கிரே என்று நான்காக்கினார்கள். மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு இடம், பாயின்ட் கிரேக்கு மட்டும் மூன்று.

பல உறுப்பினர் தொகுதி என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 1952, 1957 தேர்தல்கள் நினைவுக்கு வரலாம். அங்கே இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரு இடம் பொது, இன்னொன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது. 1961இல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். இலங்கைக்காரர்கள் பல உறுப்பினர் தொகுதியாக இருந்த மத்திய கொழும்பை நினைத்துக்கொள்ளலாம். பாயின்ட் கிரேயில் ஒதுக்கீடு எதுவும் கிடையாது. மூன்று இடம் இருந்தால் வாக்காளருக்கு மூன்று ஓட்டு, ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் போடக்கூடாது, முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் வெற்றி. மூன்றையும் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பழைய வாக்கு சதவீதங்களைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். 10,000 பேர் வாக்களித்த ஒரு இரட்டை உறுப்பினர் தொகுதியை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் இரண்டு ஓட்டும் போட்டால் மொத்தம் 20,000 வாக்குகள். ஒரு வேட்பாளர் 5,500 வாங்கினால் அட்டவணையில் 27.5 சதவீதம் என்று வரும். ஆனால் வாக்களித்தவர்களில் 55 சதவீதம் பேர் அவரை ஆதரித்திருக்கிறார்கள். இந்த 27.5ஐ எடுத்து 1991க்குப் பிந்தைய ஒரு வேட்பாளரின் 45 சதவீதத்தோடு ஒப்பிட்டு 'செல்வாக்கு கூடியிருக்கிறது' என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு செல்லாது. வாக்கைத் தேர்தலில் கலந்துகொண்டவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஓரளவு சரிப்படும். அப்போதும் ஒரே ஓட்டைப் போட்டுவிட்டு மற்றதை வெறுமனே விட்டவர்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கில் தெரியாது.

1933இல் லிபரல் அலையில் வந்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் வியர். கல்வியாளர், 1925இல் வெளிவந்த பட்மன்-வியர் பள்ளிக்கல்வி அறிக்கையின் இணை ஆசிரியர். எம்.எல்.ஏ. ஆனதும் மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். 1941இல் அவர் இங்கே தோற்றபோது மூன்று இடங்களும் கன்சர்வேடிவ் கட்சிக்குப் போயின: கட்சித் தலைவர் ராயல் மெய்ட்லண்ட், ஜேம்ஸ் பேட்டன், டில்லி ரோல்ஸ்டன். அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் லிபரலும் கன்சர்வேடிவும் கூட்டணி அரசு அமைத்தன. 1945, 1949 தேர்தல்களில் இரு கட்சிக்காரர்களும் 'கூட்டணி' என்ற பெயரிலேயே நின்றார்கள். பட்டியலில் கட்சிப் பெயர் திடீரென மறைந்து 'கூட்டணி' என்று வருவதற்குக் காரணம் இதுதான். அது புதுக் கட்சி அல்ல.

டில்லி ரோல்ஸ்டன் பெயருக்கு எதிரே அடுத்தடுத்து வெவ்வேறு கட்சிகள் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். கன்சர்வேடிவாக வந்து, கூட்டணியில் இருந்து, அதை விட்டு விலகி, 1952இல் சோஷியல் கிரெடிட் என்ற கட்சியின் வேட்பாளராக ஜெயித்தவர் அவர். அக்கட்சியின் முதல்வர் டபிள்யூ.ஏ.சி. பென்னட்டின் முதல் அமைச்சரவையில் கல்வி அமைச்சர் ஆனார். கனடாவில் இலாகாவோடு அமைச்சரான முதல் பெண் அவர்தான். 1921இலேயே அதே மாகாணத்தில் மேரி எலன் ஸ்மித் அமைச்சரானாரே என்று யாராவது மறுப்பார்கள். அது உண்மைதான், ஆனால் அவருக்கு இலாகா கிடையாது. 'இலாகாவோடு' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் இந்தத் தகவல் பிழையாகிவிடும்.

1952, 1953 ஆகிய இரண்டு தேர்தல்களை மட்டும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சிசிஎஃப் என்ற சோஷலிசக் கட்சி ஆட்சிக்கு வந்துவிடக்கூடாது என்று, உடையப்போகும் கூட்டணி அரசு வாக்குமுறையையே மாற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாக்காளர் வரிசை போடவேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரிப்பார்கள். லிபரல் வாக்கும் கன்சர்வேடிவ் வாக்கும் ஒன்றுக்கொன்று கைமாறும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கடைசியில் பலன் பெற்றது அதுவரை யாரும் பெரிதாக எண்ணாத சோஷியல் கிரெடிட்: 19 இடம். சிசிஎஃப்புக்கு 18. பாயின்ட் கிரே மாதிரியான பல உறுப்பினர் தொகுதியில் இந்த முறையை எப்படி நடத்துவது? வாக்குச் சீட்டை ஏ, பி, சி என்று மூன்றாக்கி, ஒவ்வொரு சீட்டையும் தனித் தேர்தலாக எண்ணினார்கள். ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளிலும் எந்தச் சீட்டில் யார் நின்றார் என்று பார்க்காமல் 'அவர் இவரை முந்தினார்' என்று எழுதக்கூடாது. 1953இல் ராபர்ட் போனரும் டாம் பேட்டும் சோஷியல் கிரெடிட்டுக்காக ஜெயிக்க, மூன்றாவது இடத்தை லிபரல் தலைவர் ஆர்தர் லேங் பிடித்தார். இன்று வான்கூவரில் அவர் பெயரில் ஒரு பாலமே இருக்கிறது. தோற்றவர் பதவியில் இருந்த கல்வி அமைச்சர் ரோல்ஸ்டன். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அவர் காலமானார். கட்சி பெரும்பான்மை பெற்று ஆட்சியில் அமர்ந்தது, அதன் அமைச்சர் பாயின்ட் கிரேயில் வீழ்ந்தார். இந்தக் காட்சியை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

1956க்கு முன்பே பழைய முறை திரும்பிவிட்டது. அதன்பின் இந்தத் தொகுதி சோஷியல் கிரெடிட் கோட்டையாகத் தெரிந்தாலும் அடியில் விரிசல் இருந்தது என்பதற்கு 1962 இடைத்தேர்தல் சாட்சி. மூவரில் ஒருவரான பூடா பிரவுன் இறந்ததால் ஒரே ஒரு இடத்துக்குத் தேர்தல் வந்தது. மூன்று ஓட்டுகளைப் பிரித்துப் போட்டுப் பழகியவர்கள் கையில் இப்போது ஒரே ஓட்டு. ஜெயித்தவர் லிபரல் கட்சியின் பாட்ரிக் மெகீர், யூபிசி எனப்படும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர். பல உறுப்பினர் தொகுதியில் நடக்கும் இடைத்தேர்தலைப் பொதுத்தேர்தலோடு சேர்த்து வைத்து 'போக்கு' பார்ப்பது ஆபத்து. ஓட்டுகளின் எண்ணிக்கையே வேறு என்பதால் வாக்காளரின் தேர்வும் வேறாகிவிடுகிறது.

1966இல் வான்கூவரின் எல்லாத் தொகுதிகளையும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக்கினார்கள். ஆறு தொகுதி, பன்னிரண்டு இடம். பாயின்ட் கிரேக்கு மூன்று இரண்டானது. மெகீரும் கார்ட் கார்டமும் இரண்டையும் லிபரலுக்கு எடுத்தார்கள். வீழ்ந்தவர், பதினான்கு ஆண்டுகளாக அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாகாணத்தின் சட்டத்துறை அமைச்சராக, இருந்த ராபர்ட் போனர். அவர் அரசியலை விட்டுப் போகவில்லை. உள்நாட்டில் தூரத்திலிருந்த கரிபூ தொகுதியில் இடம் காலி செய்யப்பட்டு, அதே ஆண்டு இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பிவந்தார். 1952இல் அவர் முதலில் சபைக்குள் நுழைந்ததும் இதே வழியில்தான், அப்போது கொலம்பியா தொகுதி.

மெகீர், கார்டம் இருவரும் 1966 முதல் 1986 வரை இருபது ஆண்டுகள் இங்கே அசையவில்லை, கட்சிதான் மாறியது. 1972இல் சபை முழுவதிலும் லிபரலுக்குக் கிடைத்த ஐந்து இடங்களில் இரண்டு இவர்களுடையவை. சிசிஎஃப்பின் வாரிசான என்டிபி என்ற இடதுசாரிக் கட்சியை வீழ்த்த வலதுசாரி வாக்குகள் சேரவேண்டும் என்ற கணக்கில் 1975இல் இருவரும் சோஷியல் கிரெடிட்டுக்கு மாறி, மீண்டும் ஜெயித்து, முதல்வர் பில் பென்னட்டின் அமைச்சரவைக்கே போனார்கள். கார்டம் பிற்காலத்தில் மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஆனார். மெகீருக்குக் கிடைத்த பொறுப்புகளில் ஒன்று ஐசிபிசி என்ற அரசு வாகனக் காப்பீட்டு நிறுவனம். நாற்பது ஆண்டு கழித்து அதே தலைவலி அதே தொகுதியின் இன்னொரு உறுப்பினரான டேவிட் ஈபிக்கு வந்தது.

1986 பட்டியல் பலரைக் குழப்பும்: சோஷியல் கிரெடிட்டின் கிம் கேம்பெல், என்டிபியின் டார்லீன் மர்சாரி, இருவருமே வெற்றியாளர்கள். இது விசித்திரம் அல்ல. இரண்டு கட்சிகளும் ஏறத்தாழ சம பலத்தில் இருந்தால், ஒவ்வொரு கட்சியிலும் சற்று அதிகம் பேர் அறிந்த வேட்பாளர் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்துவிடுவார். கேம்பெல் 1988இல் பதவி விலகி மத்திய அரசியலுக்குப் போனார், 1993இல் சில மாதங்கள் கனடாவின் பிரதமராகவும் இருந்தார். அவர் விட்ட இடத்துக்கு 1989இல் நடந்த இடைத்தேர்தலில் என்டிபியின் டாம் பெரி வந்தார். 'கிம் கேம்பெலை டாம் பெரி தோற்கடித்தார்' என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள்.

இரட்டை உறுப்பினர் முறைக்கு முடிவு வந்ததன் பின்னணியில் ஒரு வழக்கும் ஓர் ஆணையமும் உண்டு. 1986இல் சபையில் 69 இடங்கள், ஆனால் தொகுதிகள் 52தான். அதாவது 17 தொகுதிகளில் இரண்டிரண்டு பேர். மக்கள்தொகை ஏற்றத்தாழ்வு அதைவிட மோசம். வடகோடி அட்லின் தொகுதியில் சுமார் 5,500 பேர், புறநகர்த் தொகுதி ஒன்றில் 68,000க்கு மேல், இரண்டுக்கும் ஒரே ஒரு உறுப்பினர். நீதிபதி ஃபிஷர் தலைமையிலான ஆணையம் எல்லாம் ஒற்றை உறுப்பினர் தொகுதியாக, சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகாததாக இருக்கவேண்டும் என்றது. 1989இல் மாகாண உச்ச நீதிமன்றத்தில் பெவர்லி மெக்லாக்லின் பழைய பங்கீடு கனடிய உரிமைச் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். பிற்காலத்தில் கனடாவின் தலைமை நீதிபதியானவர் அவர். 1991 தேர்தல் 75 ஒற்றை உறுப்பினர் தொகுதிகளில் நடந்தது. பழைய பாயின்ட் கிரே சுருங்கியது. மர்சாரி அதே பெயரில் உள்ள புதுத் தொகுதியில் ஜெயித்தார், பெரி லிட்டில் மவுன்டன் என்ற வேறொரு வான்கூவர் தொகுதிக்குப் போய் ஜெயித்தார். ஆக 1986 மர்சாரியும் 1991 மர்சாரியும் ஒரே ஆள்தான், நின்ற நிலம் ஒன்றல்ல.

இனி முதல்வர் விஷயம். ராசி என்று நீங்கள் சொல்வது 1996க்குப் பிறகுதான் பொருந்தும். அதற்குமுன் இங்கிருந்து கட்சித் தலைவர்கள் வந்தார்கள் (மெய்ட்லண்ட், லேங், மெகீர்), முதல்வர் யாரும் வரவில்லை. வான்கூவர் மேயராக இருந்த கார்டன் கேம்பெல் 1994இல் அதே நகரின் குவில்செனா தொகுதி இடைத்தேர்தலில் சபைக்குள் வந்து, 1996இல் பாயின்ட் கிரேக்கு மாறினார், 2001 முதல் 2011 வரை முதல்வர். அவர் விலகியதும் அவருடைய பிசி (பிரிட்டிஷ் கொலம்பியா) லிபரல் கட்சியின் தலைமையை வென்ற கிறிஸ்டி கிளார்க் 2011 மார்ச்சில் பதவியேற்றபோது எம்.எல்.ஏ.வே அல்ல. சட்டம் அதைத் தடுப்பதில்லை, சீக்கிரம் ஓர் இடம் பிடிக்கவேண்டும் என்பது மரபு. முன்னவர் காலி செய்த இடத்திலேயே நின்று மே 11 இடைத்தேர்தலில் 600க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். எதிரே நின்றவர் டேவிட் ஈபி என்ற வழக்கறிஞர். 2013 மே 14 பொதுத்தேர்தலில் அதே இருவர் மோத, ஈபி ஆயிரத்துக்குச் சற்று மேலான வித்தியாசத்தில் வென்றார். கிளார்க்கின் கட்சியோ 85இல் 49 இடம் பெற்று ஆட்சியைத் தக்கவைத்தது. அவர் வெஸ்ட்சைட்-கெலோனாவில் ஒரு சக உறுப்பினரை விலகச் செய்து ஜூலை இடைத்தேர்தலில் ஜெயித்தார். போனர் போட்டுக் கொடுத்த பாதை அது. 'கட்சி ஜெயித்து முதல்வர் தோற்றது வரலாற்றில் முதல்முறை' என்பதும் சரியல்ல. 1924இல் ஜான் ஆலிவர் விக்டோரியாவில் தோற்று, நெல்சனில் ஜெயித்து முதல்வராகத் தொடர்ந்தார்.

ஈபி 2017இல் அட்டர்னி ஜெனரல் ஆனார். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்று 2018இல் நடந்த பொதுவாக்கெடுப்பின் விதிகளை வகுத்த பொறுப்பும் அவருடையது. மக்கள் 61 சதவீதம் பேர் இருக்கும் முறையே போதும் என்றார்கள். 2022இல் என்டிபி தலைமைக்கு அவரை எதிர்த்து நின்றவர் மதுரையில் பிறந்த அஞ்சலி அப்பாதுரை. உறுப்பினர் சேர்ப்பில் விதிமீறல் என்று கட்சி அவரைத் தகுதிநீக்கம் செய்ததால் போட்டியின்றித் தலைவரான ஈபி நவம்பர் 18 அன்று முதல்வரானார். 2024இல் இதே தொகுதியில் மீண்டும் வென்றார். சபையில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 93இல் 47, மற்ற எல்லாரையும்விட ஒரே ஒரு இடம் கூடுதல்.

மூவரும் இங்கே வந்து சேர்ந்த விதம் வேறுவேறு. கார்டன் கேம்பெல் மேயராக இருந்துவிட்டு வந்தார், கிளார்க் காலியான இடத்தைப் பிடித்தார், ஈபி முதல்வரைத் தோற்கடித்ததாலேயே மாகாணம் முழுவதும் அறிமுகமானார். ஆகவே தொகுதிக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். கட்சிகள் தலைவர் ரகத்து ஆட்களை இங்கே நிறுத்துவது மட்டும் 1933 முதலே தெரிகிறது. படித்த, வசதியான வாக்காளர்கள் உள்ள, எந்தப் பக்கமும் சாயக்கூடிய நகரத் தொகுதி என்பது என் ஊகமான காரணம்.

கிளார்க் ஏன் தோற்றார் என்பதிலும் உறுதியானது எது, பேச்சு எது என்று பிரிக்கவேண்டும். வாக்கு வித்தியாசம் பதிவில் உள்ளது. 'மாணவர்கள்தான் கவிழ்த்தார்கள்' என்பது நிரூபிக்க முடியாத பேச்சு. வாக்கு ரகசியமானது. முன்கூட்டிப் போட்டவையும் வேறு தொகுதியில் இருந்துகொண்டு போட்டவையும் எந்தத் தெருக்காரருடையவை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதோடு, அப்போது தேர்தல் நாள் மே மாத இரண்டாம் செவ்வாய். யூபிசியின் குளிர்காலப் பருவம் ஏப்ரலோடு முடிந்து, விடுதி மாணவர்களில் பெரும்பகுதி கிளம்பிவிடும் நேரம் அது. அதன்பின் சட்டத்தை மாற்றி அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை என்று வைத்தார்கள். இப்போது வகுப்புகள் நடக்கும்போதே தேர்தல் வருகிறது. எண்களை எடுத்தெழுதும்போது இன்னொன்றும் கவனியுங்கள்: 2013இல் தேர்தல் இரவில் அறிவித்தது ஆரம்ப எண்ணிக்கை, தபால் வாக்கும் வெளியூர் வாக்கும் சேர்ந்த இறுதி எண்ணிக்கை 13 நாள் கழித்துத்தான் தொடங்கியது. அன்றிரவுச் செய்தித்தாளில் உள்ள வித்தியாசமும் அதிகாரபூர்வ வித்தியாசமும் ஒத்துப்போகாது. எப்போதும் இரண்டாவதையே எடுங்கள்.

கட்சிப் பெயரும் ஏமாற்றும். 1933இன் லிபரல், 1966 மெகீரின் லிபரல், 2001 கார்டன் கேம்பெலின் பிசி லிபரல் மூன்றையும் ஒரே நூலில் கோர்க்காதீர்கள். கடைசியாகச் சொன்னது 1991க்குப் பின் சோஷியல் கிரெடிட் சரிந்தபோது அதன் வாக்காளர்களை வாங்கிக்கொண்ட வலதுசாரிக் கூட்டு. தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய லிபரல் கட்சியோடு அதற்கு அமைப்புத் தொடர்பு கிடையாது. 2023இல் பிசி யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2024 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு களத்தைவிட்டே விலகிவிட்டது.

உங்கள் மகள் விஷயம். கனடியக் குடியுரிமை, 18 வயது, மாகாணத்தில் ஆறு மாத வசிப்பு, இந்த மூன்றும் வேண்டும். மாணவர் விசாவிலோ நிரந்தர வதிவிட உரிமையிலோ இருந்தால் வாக்கில்லை. குடியுரிமை இருந்து, குடும்பம் மாகாணத்தின் வேறு ஊரில் இருந்தால், விடுதி முகவரி, வீட்டு முகவரி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பதியலாம், இரண்டிலும் அல்ல. விடுதி முகவரியில் பதிந்தால் ஒரு வினோதம் அவருக்குத் தெரியவரும். யூபிசி வளாகம் வான்கூவர் மாநகர எல்லைக்குள் இல்லை, எந்த நகராட்சியிலும் இல்லை. அங்கே வசிப்பவர் வான்கூவர் மேயர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. உள்ளூர்த் தேர்தலில் அவருக்குக் கிடைப்பது பள்ளி வாரிய உறுப்பினர்களுக்கும், 'எலக்டோரல் ஏரியா ஏ' என்று அழைக்கப்படும் பகுதியின் ஒரே இயக்குநருக்கும் போடும் வாக்கு. காவல் கூட வான்கூவர் போலீஸ் அல்ல, ஆர்சிஎம்பி என்ற மத்தியக் காவல்படை. அதனால் வாடகை, பேருந்து, கட்டடம் என்று எது பற்றிப் புகார் சொல்லவும் வளாகவாசிகள் நேராக எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குத்தான் போகிறார்கள், அங்கே உட்கார்ந்திருப்பவர் முதல்வராகவே இருந்தாலும்.